பீட்ரூட் சாறும் ஒரு கமலா ஆரஞ்சும்

மிக்ஸி போடக் கூடாது. போட்டால் என் மனைவி மயிலாத்தாள் எழுந்துவிடுவாள். எழுந்து வந்து நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு, என்னத்துக்குங் இது என்பாள். பிரஷருக்கு என்று சொன்னால் அடுத்த பேச்சு மெடிக்கலைப் பற்றித்தான் வரும். இந்த ஒரு வாரத்தில் நானும் அவளும் தண்ணீர்த் தொட்டியில் படிந்த பாசியைப் பற்றிப் பேசினோம், எதிர்க் குவார்ட்டர்ஸ்காரர்களின் நாயைப் பற்றிப் பேசினோம், அவள் தங்கை வீட்டு வளைகாப்பைப் பற்றிக்கூட இரண்டு தடவை பேசினோம். அதை மட்டும் பேசவில்லை. ஆகவே துருவிதான். பீட்ரூட்டைத் துருவி, வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்தால் சத்தம் வராது. விளக்கும் வேண்டாம், ஜன்னல் வழியாக ரயில்வே யார்டு விளக்கின் வெளிச்சம் போதுமான அளவுக்கு வருகிறது. பத்து மணிக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பார்கள். எண் இறங்கியிருந்தால் ஓய்வு பெறுகிறவரை நான் ரயில் ஓட்டுவேன். இறங்காவிட்டால் இன்றோடு சரி. லாபியில் ஒரு நாற்காலி போட்டு, வண்டிக்குப் போகிறவர்களின் பெயரையும் வருகிறவர்களின் பெயரையும் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை கொடுப்பார்கள். போனவாரம் கண் பார்த்தார்கள், தேறியது. காது தேறியது. நிறப் புத்தகத்தின் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களை, டாக்டர் பக்கம் திருப்பத் திருப்ப, படபடவென்று சொன்னேன். பிறகு அந்தப் பட்டை. டாக்டர் ஒரு தடவை அடித்தார், கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லி மறுபடி அடித்தார், முகத்தில் எதையும் காட்டாமல், இன்னிக்கு எழுதல, அடுத்த வாரம் வாங்க பாக்கலாம் என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதராக இல்லாதிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும், இந்த ஒரு வாரமும் இருந்திருக்காது. எது நல்லது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

கூடையில் கை விட்டுத் தேடினேன். பீட்ரூட் இருக்கிறது. ஒரு வாரமாக ஒவ்வொரு நாள் காலையிலும் கூடையில் பீட்ரூட் இருக்கிறது, நேற்று எடுத்த இடத்தில் இன்று வேறொன்று, நான் அதைப் பற்றி யோசித்ததில்லை. வீட்டில் காய் இருக்கும், எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முப்பது வருஷமாக நினைத்துப் பழகிய ஆள் நான். இஞ்சித் துண்டு இருக்கிறது. எலுமிச்சை இருக்கிறது. சாத்துக்குடி இல்லை. கூடையின் அடிவரை துழாவினேன், சாத்துக்குடி இல்லை. பழம் இருக்கிறது, உருண்டையாக, தோல் தொளதொளவென்று, தொட்டவுடனேயே தெரிந்துவிட்டது. கமலா ஆரஞ்சு. கையை எடுத்துவிட்டேன். பாம்பைத் தொட்டவன் மாதிரி எடுத்தேன் என்பதை எடுத்த பிறகுதான் கவனித்தேன். சரி. முதலில் பீட்ரூட். பிறகு பார்க்கலாம். எலுமிச்சையை மட்டும் பிழிந்து, பழத்தை விட்டுவிட்டால் என்ன கெட்டுப்போகும்? ஆனால் சம்பந்தம் சொன்னது அப்படி இல்லை. சம்பந்தம் என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன், கூட்ஸ் வண்டியில் இருந்தே பழக்கம், ஜோலார்பேட்டையில் டிரைவர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு உலகத்து வைத்தியமெல்லாம் சொல்வான். பீட்ரூட், கமலா ஆரஞ்சு, ஒரு மூடி எலுமிச்சை, கட்டை விரல் அளவு இஞ்சி, சர்க்கரை கூடாது, வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும், ஒரே வாரத்தில் என் பிரஷர் பொண்ணு பார்க்க வந்த இடத்துல மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிற மாதிரி அடக்கமா உட்கார்ந்துருச்சு என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது பிரஷர் இல்லை, அல்லது இருப்பது தெரியாது. ஆரஞ்சுக்குப் பதில் சாத்துக்குடி என்று மாற்றியது நான். ஏன் என்று என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. சாத்துக்குடிதான் புளிக்காது என்று ஒரு காரணத்தை வைத்துக்கொண்டேன். பாதியாக அறுத்துப் பிழிந்துவிடலாம். உரிக்க வேண்டியதில்லை.

தோல் சீவினேன். மேலே கருப்பாக, மண் ஒட்டி, கையில் ஒரு கல்லைப் போல இருக்கிற பொருள், உள்ளே இப்படி ஒரு நிறத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. துருவியின் மேல் வைத்து இழுக்கிறேன். இழுக்கும்போது வரும் சத்தம் ஈரமாக இருக்கிறது. கை போகிறது, வருகிறது. கைக்கு வேலை இருக்கிறவரை தலைக்குள் கொஞ்சம் இடம் கிடைக்கிறது, ஆனால் அந்த இடத்தில் வந்து உட்காருவது எப்போதும் நான் கூப்பிடாதது. நேற்றுச் சாயங்காலம் பாத்ரூமில் பார்த்தது. சிவப்பு. இளஞ்சிவப்பு என்று சொல்லி மனதைத் தேற்றப் பார்த்தேன், சிவப்புதான். நின்றபடியே சுவரைப் பிடித்துக்கொண்டேன். எஞ்சினில் கழிப்பறை கிடையாது. அடக்குவதைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறோம், ஓட்டுவது பிறகு. சேலம் வரட்டும், ஜோலார்பேட்டை வரட்டும், அவுட்டர் சிக்னலில் நிறுத்தட்டும் என்று அடக்கி அடக்கி வைத்திருந்தது இத்தனை வருஷம் கழித்து இப்படி வந்து நிற்கிறது என்று நினைத்தேன். எங்கள் ஆட்களுக்கு எல்லாமே சிறுநீரகத்தில்தான் முடியும். கல் வந்தவர்கள், கரைத்தவர்கள், எடுத்தவர்கள், கல்லை டப்பியில் போட்டுக் காட்டியவர்கள். ரத்தம் போனது என்று சொன்ன ஒருவர், பெயர் வேண்டாம், பிறகு ஓட்டவில்லை. ஆகவே எனக்கும் ரத்தம். இரவெல்லாம் அதைக் கணக்குப் போட்டுக்கொண்டு கிடந்தேன். பிரஷரோடு இதுவும் சேர்ந்தால் நாற்காலிகூடக் கிடைக்காது. அவளிடம் சொல்லலாமா, மெடிக்கல் முடிந்து சொல்லலாமா, முடியவே முடியாமல் போனால் எப்போது சொல்வது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். விடியும்போது ஒன்று மட்டும் முடிவு செய்தேன், எது எப்படியானாலும் இன்றைக்கான சாற்றைப் போட வேண்டும், குடிக்க வேண்டும், போக வேண்டும். பயந்துகொண்டு படுத்திருப்பதைவிடப் பயந்துகொண்டு துருவுவது மேல்.

விரல் கணு துருவியில் போய்விட்டது. எரிச்சல். எங்கே கிழிந்தது என்று பார்க்கிறேன், தெரியவில்லை. கை முழுக்கச் சிவப்பு. இதில் எது என்னுடையது? ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தேன். யார்டு வெளிச்சத்தில் எல்லாம் ஒரே கருஞ்சிவப்பு. குழாயை மெல்லத் திறந்து கையை வைத்தேன். நிறம் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, கணுவில் ஒரு கீறல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது, அதில் ரத்தமே வரவில்லை. நேற்றுப் பிழிந்த துணி குழாயடியில் கிடந்தது. மூன்று முறை அலசிப் போட்டது. அதன் மேல் தண்ணீர் பட்டதும் அதிலிருந்தும் இளஞ்சிவப்பாக ஓடத் தொடங்கியது. கசக்கினேன். மறுபடியும் அதே நிறம். மறுபடியும். துணியிலிருந்தே போகாதது மனிதனுக்குள்ளிருந்து மட்டும் எப்படிப் போகும்? அப்படியே நின்றுவிட்டேன். குடித்தது வெளியே வந்திருக்கிறது. அவ்வளவுதான். குடித்த நிறத்திலேயே வந்திருக்கிறது. ஒரு வாரமாகக் காலையில் குடிக்கிறவனுக்கு ஒரு நாள்கூட இது தோன்றவில்லை, நேற்று வெளிச்சம் இருக்கும்போது பார்த்துத் தொலைத்தேன், பார்த்தவுடன் சிறுநீரகம், கல், ஆபரேஷன், நாற்காலி என்று அடுத்தடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பு நிற்கிற இடத்தில் அடுத்த யோசனை நின்றுகொண்டிருந்தது. இன்றைக்கு ஆஸ்பத்திரியில் சிறிய டப்பா கொடுப்பார்கள். பிடித்துக்கொண்டு வாருங்கள் என்பார்கள். அதிலும் இந்த நிறம்தான் இருக்கும். லேப்காரர் டப்பாவைத் தூக்கிப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். என்ன சொல்வது? பீட்ரூட் சாப்பிட்டேன் என்று சொல்லலாம். எதற்குச் சாப்பிட்டாய் என்று கேட்டால்? பொரியல் என்று சொல்லலாம். பொரியல் என்று சொல்லக்கூட இப்போதே ஒத்திகை பார்க்கிறேன். காய்கறியைச் சாப்பிட்டதற்குக் கைதியைப் போலப் பதில் தயார் செய்கிறவன் என்ன தப்பு செய்தான்?

துருவலைத் துணியில் கட்டினேன். முறுக்கினேன். சாறு கிண்ணத்தில் இறங்கியது, முதலில் கோடாக, பிறகு சொட்டாக. இறங்க இறங்க எடை குறைந்து சக்கை வெளிறி ஒரு உருண்டையாக நின்றது. முறுக்கும்போது மண் வாசனை வருகிறது. மழை முதலில் விழும்போது வருகிற வாசனை என்று சொல்வார்கள், எனக்குத் தண்டவாளத்து ஜல்லியின் வாசனை, நனைந்த ஜல்லி. நான் இதைக் குடித்து எண்ணை இறக்கினால் அது ஏமாற்றா? மாத்திரை போட்டு இறக்கினால் ஏமாற்று இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், டாக்டருக்குத் தெரியும், எழுதி வைத்திருக்கிறார்கள். தெரிந்து இறக்குவது வைத்தியம், தெரியாமல் இறக்குவது ஏமாற்று, அப்படியா? எண் ஒன்றுதானே. பத்து மணிக்கு எண் இறங்கியிருக்கும், ஆனால் எனக்குப் பின்னால் இருபத்து நான்கு பெட்டி மனிதர்கள் தூங்கிக்கொண்டு வரும்போது, சங்ககிரி தாண்டி, மாவேலிபாளையம் நெருங்கும்போது, அங்கே அந்த இடத்தில் என் எண் என்னவாக இருக்கும் என்று எந்த டாக்டருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். காதில் அடிக்கிறது. கழுத்தில் அடிக்கிறது. ஷிஜு, என் அசிஸ்டெண்ட், பாலக்காட்டுப் பையன், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சிக்னலை நோக்கிக் கையை நீட்டி, க்ரீன் என்பான். நானும் கையை நீட்டி, க்ரீன் என்பேன். எங்கள் வேலையில் அது விதி. ஒருத்தன் கண்ணால் பார்த்தது போதாது, வாயால் சொல்ல வேண்டும், சொன்னது போதாது, இன்னொருத்தன் அதையே பார்த்துத் திரும்பச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் என் குரல் சரியாகத்தான் வருகிறது. ஷிஜுவுக்கு ஒன்றும் தெரியாது. குரலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று சத்தமாகச் சொல்ல எந்த விதியும் இல்லை.

இப்போது பழம். எலுமிச்சையை அறுத்துப் பிழிந்தாயிற்று. இஞ்சியைத் துருவிச் சேர்த்தாயிற்று. ஒரு வாய் வைத்துப் பார்த்தேன், மண்ணும் புளிப்புமாக, தொண்டையில் இறங்க மறுக்கிறது. இனிப்புக்கு ஏதாவது வேண்டும். சர்க்கரை கூடாது. கூடையிலிருந்து எடுத்து மேடைமேல் வைத்தேன். வெறும் பழம். மார்கழி முழுக்க ஈரோட்டுத் தெருவெல்லாம் தள்ளுவண்டியில் குவித்து விற்கிறார்கள், நான் எதிர்ப்பக்கமாக நடக்கிறேன். ஐம்பத்தாறு வயது ஆள், ரயில் ஓட்டுகிறவன், ஆரஞ்சு வண்டியைக் கண்டால் சாலையைக் கடந்து நடக்கிறான். கத்தியால் அறுத்துப் பிழிந்துவிடலாமா? அதன் தோல் தளர்வானது, அறுத்தால் நசுங்கும், கொட்டை விழும். உரித்தே ஆக வேண்டும். உரி. கட்டை விரல் நகத்தைக் காம்புப் பக்கம் குத்தினேன். மூக்கில் ஏறியது. அந்த எண்ணெய் வாசனை. தீபாவளிக்கு முந்தின வாரம், மாவேலிபாளையத்துக்கு முன்னால், வெயில் ஏறாத காலை, நேர்க்கோடு, தூரத்திலேயே தெரிந்தது. தண்டவாளத்தின் மேல் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். முதுகு இந்தப் பக்கம். ஹார்ன் அடித்தேன். எழுந்திருக்கவில்லை. எனக்கு இது புதிது இல்லை. முன்னால் வந்து விழுந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் யோசிப்பதில்லை என்று சொன்னால் கல் நெஞ்சுக்காரன் என்பார்கள், ஆனால் அதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது. வண்டி நிற்கும், கண்ட்ரோலுக்குச் சொல்வோம், ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்போம், போலீஸ் வரும், மறுநாள் லீவு, மூன்றாம் நாள் யாராவது டீ வாங்கிக் கொடுத்து முதுகில் தட்டுவார்கள். நடந்தது ஒரு இடத்தில் போய் முடியும். இவன் முடியவில்லை.

தோல் ஒரே சுருளாக வருகிறது. அவனும் அப்படித்தான் உரித்துக்கொண்டிருந்தான், பிறகு தெரிந்தது. பிரேக்கை இழுத்தேன். எமர்ஜென்சி. வண்டி நிற்பதற்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்று கைக்குத் தெரியும், அந்தத் தூரம் எங்களுக்கு நடுவில் இல்லை என்பதும் தெரியும். ஹார்னை விடவில்லை. ஷிஜு எழுந்து நின்று கண்ணாடியில் கையால் அடித்தான், உட்கார்ந்திருந்தவனுக்குக் கேட்கப்போகிற மாதிரி. அவன் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. சட்டையின் தையல் தெரிந்தது. அப்போது எழுந்தான். வீட்டு வாசற்படியிலிருந்து எழுந்திருக்கிற மாதிரி, முழங்காலில் கை ஊன்றி, நிதானமாக. ஒரு எட்டு எடுத்து ஜல்லிச் சரிவில் இறங்கி நின்றான். வண்டி அதற்குள் தவழ்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. என் ஜன்னல் அவனைக் கடந்து போயிற்று, அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பக்கத்தில். கையில் பழம். பாதி உரித்தது. ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தான். தன் ஊருக்குப் போகாத பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். கோபம் இல்லை, பயம் இல்லை, சாகப் போனவன் முகமும் இல்லை. வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. ஷிஜு மலையாளத்தில் அவன் அப்பனையும் அம்மாவையும் சேர்த்துத் திட்டினான், பிறகு உட்கார்ந்து சிரித்தான், அண்ணா, அவன் காலைல டிபன் சாப்பிட வந்திருக்கான் என்றான். நானும் சிரித்தேன். ஒருத்தன் லைனில் இருந்தான், விலகிவிட்டான், அவ்வளவுதான் கண்ட்ரோலுக்குச் சொன்னேன், சரி என்றார்கள். இழந்த நேரத்தைச் சேலம் போவதற்குள் பிடித்துவிட்டேன். யாரும் சாகவில்லை. நான் எதையும் தவறாகச் செய்யவில்லை. எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். அதனால்தானோ என்னவோ அதை வைக்க இடமில்லை. செத்தவர்களுக்கு ஒரு நாள் லீவு கொடுக்கிறார்கள், சாகாமல் போனவனுக்கு என்ன கேட்பது? டாக்டர், ஒருத்தன் ஆரஞ்சு தின்றான், எனக்கு முடியவில்லை என்றா?

சுளைகளைக் கையாலேயே பிழிந்தேன். நார் விரலுக்கு நடுவில் சிக்கியது. கிண்ணத்தில் கருஞ்சிவப்பின் மேல் மஞ்சள் விழுந்து, கலங்கி, இன்னொரு சிவப்பாக மாறியது. நாற்காலியில் உட்காரப் பயமா எனக்கு? லாபியில் உட்கார்ந்தால் பெயர் ஏற்றலாம், வீட்டுக்கு வரலாம், தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடலாம். அவளோடு பொங்கல் வைக்கலாம், எத்தனை பொங்கலுக்கு நான் எங்கோ அவுட்டரில் நின்றிருக்கிறேன். ஆனால் அந்த முதுகு நேர்க்கோட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நான் நாற்காலிக்குப் போனால் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும், எழுந்திருக்காது. திரும்ப அந்த வழியாக ஓட்ட வேண்டும். காதில் அடிக்காமல், கழுத்தில் அடிக்காமல் ஓட்ட வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான். அதற்கு இந்தச் சாறு போதுமா என்பதைத்தான் ஒரு வாரமாக என்னிடமே கேட்காமல் துருவிக்கொண்டிருக்கிறேன்.

"வெளக்கப் போட்டுக்கிட்டுத்தான் செய்யறது. இருட்டுல கைய நறுக்கிக்கிட்டு."

சுவிட்சைத் தட்டியது மயிலாத்தாள். கண் கூசியது. மேடையெல்லாம் சிவப்புத் தெறிப்பு, என் பனியனில் சிவப்பு, ஆட்டை அறுத்தவன் மாதிரி நான். அவள் நிலையில் சாயவில்லை, நேராக உள்ளே வந்து கரித்துணியை எடுத்து மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள். எப்போது எழுந்தாய் என்றேன். தூங்கினால்தானே எழுந்திருப்பதற்கு என்றாள். இது எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். முதல் நாளிலிருந்தே தெரியுமாம், துருவியைக் கழுவி வைத்தாலும் அதன் பல்லில் சிவப்பு இருந்ததாம், இந்த வீட்டில் பேய் வந்து பீட்ரூட் துருவுகிற வழக்கம் இல்லை என்றாள். அப்போதுதான் எனக்குக் கூடை ஞாபகம் வந்தது. பீட்ரூட் தானாக முளைக்கவில்லை.

"நீதான் வாங்கி வெச்சியா?"

அவள் துணியைப் பிழிந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"மெடிக்கல்ல நீங்க தேறக் கூடாதுன்னு சென்னிமலைக்குப் போயி வேண்டிக்கிட்டு வந்தனுங். வர்ற வழியில சந்தையில பீட்ரூட்டும் வாங்கியாந்தேன்."

"ரெண்டும் பண்ணுனியா?"

"ரெண்டுந்தான் பண்ணுனேன். நேத்து சாத்துக்குடி நல்லாயில்ல, அதான் இது."

எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று காத்திருந்தேன். இந்த ஒரு வாரமும் இருட்டில் நான் மட்டும் ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவளும் எழுந்து, படுத்து, மலையேறி, சந்தைக்குப் போய், வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு, வேண்டியதை வாங்கிவந்து கூடையில் போட்டிருக்கிறாள். ஏன் நான் தேறக் கூடாது என்று கேட்டேன். அவள் திரும்பினாள். இடது கையை நீட்டினாள். வளையல் இல்லாத கை. வளையலை எல்லாம் வலது கைக்கு மாற்றியிருந்தாள், எவ்வளவு நாளாக என்று எனக்குத் தெரியாது.

"ராத்திரியில என் மணிக்கட்டப் புடிச்சு இழுக்கறீங். மொதல்ல என்னமோ ஆசைன்னு நெனச்சேன்." சிரிப்பு வந்து பாதியில் நின்றது அவளுக்கு. "அப்பறம் பாத்தா மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்குது. அழுத்திப் புடிச்சு இழுக்கறீங், பல்லக் கடிச்சுக்கிட்டு. வளையலு ஒடஞ்சு போச்சுங். தீபாவளியில இருந்து இப்படித்தான்."

அந்த மணிக்கட்டைப் பார்த்தேன். பிரேக் பிடியின் தடிமன்தான் இருக்கும். எனக்குத் தெரியாமல் என் கை இத்தனை இரவு ரயிலை நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறது, அவள் கையைப் பிடித்து. காலையில் எழுந்து நான் துருவியைத் தேடியிருக்கிறேன், அவள் வளையலை மாற்றிப் போட்டிருக்கிறாள், இருவரும் பாசியைப் பற்றிப் பேசியிருக்கிறோம். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்காததனால்தான் சொன்னேனோ என்னவோ. நின்றபடியே சொன்னேன், கையில் ஆரஞ்சு நார் ஒட்டியிருக்க. நேர்க்கோடு, முதுகு, ஹார்ன், சட்டைத் தையல், ஜல்லிச் சரிவு, சுளை, அவன் பார்த்த பார்வை. சொல்லும்போது அது மிகச் சிறியதாக இருந்தது. இதற்கா என்று அவள் கேட்டுவிடுவாள் என்று பயந்தேன். ஷிஜு சிரித்தது சரிதான் என்று தோன்றியது. அவள் துணியை மடித்துக் குழாய்மேல் போட்டாள்.

"அப்பறம் அந்தாளு எங்க போனான்?"

தெரியாது என்றேன். வண்டி போய்விட்டது. பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது. நின்றிருப்பான், போயிருப்பான், மறுபடி உட்கார்ந்திருப்பான். அடுத்த வண்டி சரக்கு வண்டி, அதை ஓட்டியது யார் என்றுகூட நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயம். அந்த இடத்தில் அன்றைக்கு எதுவும் நடந்ததாக யாரும் சொல்லவில்லை, ஆனால் நானும் கேட்கவில்லை. இதை இதுவரை என்னிடமே சொல்லிக்கொண்டதில்லை. அவள் கேட்டதும்தான், ஒவ்வொரு இரவும் நான் நிறுத்துவது என் வண்டியை இல்லை, எனக்குப் பின்னால் வரும் வண்டியை என்று புரிந்தது. சாற்றை டம்ளரில் ஊற்றினேன். வடிகட்டியும் அடியில் கசடு தங்கியது.

நாற்காலிதான் நல்லது, டாக்டரிடம் சொன்னால் வண்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள், எடுத்தால் எடுக்கட்டும் என்று அவள் மெல்லிய குரலில் சொன்னாள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போனவாரம் டாக்டர் பட்டையைக் கழற்றும்போது ஒரு கேள்வி கேட்டார். தூக்கம் எப்படி என்றார். நல்லா தூங்கறேன் டாக்டர் என்றேன். யோசிக்கவே இல்லை. க்ரீன் என்று சொல்கிற மாதிரி வாயிலிருந்து வந்தது. இன்றும் கேட்பார். இன்றும் அதே பதில்தான் வரும், இந்தச் சமையலறையில் நின்று எத்தனை உறுதி எடுத்தாலும் சரி, டாக்டருக்கு எதிரே உட்கார்ந்தவுடன் வந்துவிடும், என்னை எனக்குத் தெரியும். சாற்றைக் கொட்டிவிட்டுப் போவதா? கொட்டினால் மட்டும் நான் யோக்கியனாகிவிட மாட்டேன். பிரஷருக்கு இது நல்லது என்றால் நல்லதுதான். குடித்தேன். ஒரே மூச்சில், மண்ணும் புளிப்பும் அந்த வாசனையுமாக, கசடு வரை. இதைக் குடித்ததை லேப்காரரிடம் சொல்லப்போகிறேன், டாக்டரிடமும் சொல்லப்போகிறேன். எண் இறங்கியிருந்தாலும் சொல்வேன், ஏறியிருந்தாலும் சொல்வேன். நாளைக்கும் சாறு போடுவேன், மிக்ஸியிலேயே போடுவேன், எப்படியும் இது நடக்கும். ராத்திரி நடப்பது தெரிந்தால் கொஞ்ச மாதம் உட்காரவைப்பார்கள், மாத்திரை கொடுப்பார்கள், யாரிடமாவது பேசச் சொல்வார்கள், பேசுகிறேன். அதன் பிறகு ஓட்டுகிறேன் என்று கேட்பேன். கொடுக்கிறவரை கேட்பேன். அதுவரை எனக்குப் பின்னால் தூங்கிக்கொண்டு வருகிறவர்களை வேறு யாராவது, ராத்திரி தூங்குகிற யாராவது, கொண்டுபோகட்டும்.

வாயைத் துடைத்துக்கொண்டேன். புறங்கையெல்லாம் சிவப்பு.

"மயிலாத்தா, சேலைய மாத்திக்கிட்டு வா. ஆஸ்பத்திரிக்கு நீயும் வர்ற."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எந்த டிரைவரும் மெடிக்கலுக்குப் பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. சம்பந்தம் காதில் விழுந்தால் ரன்னிங் ரூமில் ஒரு வருஷத்துக்கு வைத்துச் சிரிப்பான்.

"நான் என்னத்துக்குங் அங்க? எல்லாம் ஆம்பளைங்களா நிப்பாங்க."

"டாக்டர் தூக்கம் எப்படின்னு கேப்பாரு. தனியா இருந்தா நல்லா தூங்கறேன்னு சொல்லிருவேன். நீ பக்கத்துல உக்காரு. அப்ப எனக்கு அப்படிச் சொல்ல வராது."